பிளஸ் டூ சைக்காலஜி: பிராக்டிகல் ஃபைல், கேஸ் ப்ரொஃபைல், ஆறு மார்க் கேள்வி – எங்கே மார்க் போகுது?

கயல்_வேளச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். சிபிஎஸ்இ பிளஸ் டூ, சைக்காலஜி. தியரி 70, பிராக்டிகல் 30. அஞ்சு பிராக்டிகலும் ஒரு கேஸ் ப்ரொஃபைலும் (ஒரு ஆளைப் பார்த்து, பேசி எழுதுற விவரக் குறிப்பு) வேணும். இப்போதைக்கு ரேவன் மேட்ரிக்ஸும் (படப் புதிர் வச்சு நுண்ணறிவைப் பார்க்கிற டெஸ்ட்) ஒரு பதற்ற அளவுகோலும் முடிஞ்சிருக்கு. மூணு சந்தேகம். ஃபைல்ல எதை விரிச்சு எழுதணும், எதைச் சுருக்கணும்? கேஸ் ப்ரொஃபைலுக்கு எந்த மாதிரி ஆளைப் பிடிக்கணும்? தியரியில ஆறு மார்க் கேள்விக்கு ரெண்டு பக்கம் எழுதினாலும் முழு மார்க் விழாதது ஏன்?

ஆய்வகத்தடி

முதலில் அந்த 30 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். ஃபைலும் கேஸ் ப்ரொஃபைலும் சேர்த்து 10. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5. தேர்வன்று செய்யும் இரண்டு பிராக்டிகலுக்கு 15, அதில் சரியாகச் செய்வதற்கு 5, அறிக்கைக்கு 10. ஃபைல் அட்டைக்கு ஜிகினா ஒட்டும் நேரத்தை அந்தப் பத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

ரேவனையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் ப்ரோக்ரெசிவ் மேட்ரிக்ஸில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து தொகுதி. தொகுதிக்கு 12 வீதம் 60 வினா. ஏ, பி இரண்டிலும் ஆறு விடைத் துண்டுகள், மற்ற மூன்றிலும் எட்டு. நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வினாவை வைத்தே "இந்தப் படத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, கீழே இருப்பதில் எது பொருந்தும்?" என்று விளக்கிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். கையேட்டில் இருக்கும் அறிவுறுத்தலைச் சொல் மாற்றாமல் படிக்கணும். "யோசிச்சுப் போடு, ஈஸிதான்" என்று கூட்டிச் சொன்னால் அது வேறு சோதனை ஆகிவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் விபத்து ஒன்று. எழுதுபவர் ஒரு வினாவைத் தாண்டிப் போயிருப்பார், விடைத்தாளில் கட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் வினா எண்ணும் கட்ட எண்ணும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை போதும்.

மதிப்பிடும்போது தொகுதிவாரியாக எண்ணுங்கள். 11, 11, 10, 9, 6 என்று வந்தால் மொத்தம் 47. மொத்தம் இவ்வளவு என்றால் ஒவ்வொரு தொகுதியிலும் சாதாரணமாக எவ்வளவு வரும் என்று கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. எந்தத் தொகுதியாவது அதிலிருந்து 2-க்கு மேல் விலகினால் மொத்த மதிப்பெண்ணை நம்பக்கூடாது. கடினமான ஈ தொகுதியில் 10, எளிதான ஏ தொகுதியில் 6 என்றால் அந்த ஆள் அறிவுறுத்தலைப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறார். இந்தச் சரிபார்ப்பைச் செய்பவர்கள் குறைவு. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்கும் கேள்வியோ பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் வயதுக்குரிய நார்ம் டேபிளில் (அதே வயதினரோடு ஒப்பிடும் அட்டவணை) பெர்சன்டைல் பார்த்து, தரம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எது என்று எழுதணும். 95 அல்லது அதற்கு மேல் தரம் ஒன்று. 75-லிருந்து 95-க்குக் கீழ் வரை தரம் இரண்டு. 25-க்கும் 75-க்கும் நடுவே மூன்று. 25-ம் அதற்குக் கீழும் நான்கு, 5-ம் அதற்குக் கீழும் ஐந்து.

நார்ம் டேபிளைத் திறக்காமல் 47-ஐ 60-ஆல் வகுத்து, 78.3 என்று எடுத்து, "பங்கேற்பாளரின் ஐக்யூ 78" என்று எழுதிய ஃபைல்கள் உண்டு. நன்றாகச் செய்த பிள்ளையை ஒரே வரியில் எல்லைக்கோட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ரேவன் தருவது மூல மதிப்பெண்ணும் பெர்சன்டைலும். ஐக்யூ என்ற சொல்லே அந்த அறிக்கையில் வர வேண்டியதில்லை.

விரிப்பது, சுருக்குவது பற்றி: நுண்ணறிவுக் கோட்பாடுகளை ஐந்து பக்கம் படியெடுக்காதீர்கள், ஒன்றரைப் பக்கம் தாராளம். நடத்தைக் குறிப்பு, எழுதியவர் தானே சொன்ன அனுபவம், மதிப்பெண் விளக்கம் இந்த மூன்றும்தான் விரிய வேண்டிய இடம். விளக்கத்தில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு "இக்கால மாணவர்களின் நுண்ணறிவு உயர்ந்துள்ளது" என்று முடிக்காதீர்கள்.

புள்ளி_ராசா

அண்ணன் சொன்ன பெர்சன்டைல் விஷயத்தில் ஒரு ஒட்டு. 75-ஆவது பெர்சன்டைல் என்றால் அதே வயதில் நூறு பேரை நிறுத்தினால் ஏறக்குறைய 75 பேர் இவர் அளவோ இவருக்குக் கீழோ இருப்பார்கள். நூற்றுக்கு 75 வாங்கினார் என்று பொருள் இல்லை. பெர்சன்டைல் படிகள் ஒரே உயரமும் இல்லை. சராசரி 100, திட்ட விலக்கம் 15 உள்ள ஒரு சோதனையில் 100 என்பது 50-ஆவது பெர்சன்டைல். 115 போனால் 84. 130 போனால் 98-க்குக் கொஞ்சம் கீழே. முதல் 15 புள்ளிக்கு 34 படி, அடுத்த 15 புள்ளிக்கு 14 படிதான். நடுவில் கூட்டம், ஓரத்தில் ஆள் இல்லை. மணிவடிவ வளைகோட்டை வரைந்து நிழலடித்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதால்தான் அந்தப் படத்துக்கு மார்க் வருவதில்லை.

பதற்ற அளவுகோலில் இன்னொரு குழி இருக்கிறது: தலைகீழ் மதிப்பெண். 20 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20-க்கும் 80-க்கும் நடுவே வரும். "எனக்குப் படபடப்பாக இருக்கிறது" மாதிரி பத்து, "நான் நிம்மதியாக இருக்கிறேன்" மாதிரி பத்து. இரண்டாவது வகையை 5-லிருந்து கழித்துத்தான் கூட்டணும். 1 என்று குறித்திருந்தால் 4. ஒருவர் எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் 1 போட்டிருந்தால், திருப்பாமல் கூட்டினால் 20 வரும். "கடல் போல் அமைதி" என்று எழுதிவிடுவீர்கள். திருப்பிக் கூட்டினால் 50. வாக்கியங்களைக் கலந்து வைத்ததே இப்படி ஒரே பக்கமாக டிக் அடித்துக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்கத்தான். எந்தெந்த எண் திருப்ப வேண்டியது என்று கையேட்டில் பாருங்கள். வாக்கியத்தைப் படித்து நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

ஐக்யூ என்றதும் எல்லாரும் எழுதும் சூத்திரம், மனவயதை உடல்வயதால் வகுத்து நூறால் பெருக்குவது. அந்த வகுத்தலை வில்லியம் ஸ்டெர்ன் 1912-இல் சொன்னார், நூறால் பெருக்குவதைப் பிறகு சேர்த்தவர் டெர்மன். மனவயது 12, வயது 10 என்றால் 120. சரி. ஆனால் 40 வயதுக்காரர் 20 வயதுக்காரர் அளவுக்குச் செய்தால் சூத்திரப்படி 50! மனவயது இருபதுகளுக்குப் பிறகு வயதோடு ஏறிக்கொண்டே போகாது. அதனால்தான் பெரியவர்களுக்கு வெக்ஸ்லர் விலகல் ஐக்யூவுக்கு (அதே வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்ப்பது) மாறினார். சூத்திரத்தை எழுதியவர் இந்த ஒரு வரியையும் சேர்த்தால் விடை முழுமை.

கயல்_வேளச்சேரி

நன்றி சார், நன்றி ராசா அண்ணா. 5-லிருந்து கழிக்கிறதுன்னு ஒரே வரியில சொன்னது பளிச்சுன்னு இருக்கு. டெஸ்ட் எழுதினவங்க "எனக்கு எவ்ளோ வந்துச்சு?"ன்னு கேட்டா சொல்லலாமா? கேஸ் ப்ரொஃபைல் பத்தியும் யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மருதாணி

கயல், எண்ணைச் சொல்ல வேண்டாம். "பள்ளிப் பயிற்சிக்காகச் செய்தது, இதை வைத்து உங்களைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது" என்று எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏதோ மறைப்பது போலத் தெரியும். வினாத்தாளைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடுவது இன்னும் மோசம். விடை தெரிந்தவர் எழுதினால் அந்தச் சோதனை எதையும் அளக்காது.

கேஸ் ப்ரொஃபைலுக்கு "பிரச்சினை உள்ள ஆள்" தேடி அலைகிறார்கள். தேவையில்லை. ஆண்டின் நடுவில் மதுரையிலிருந்து சென்னைக்கு மாறிவந்து புதுப் பள்ளியில் பழகிக்கொண்டிருக்கும் எட்டாம் வகுப்புப் பையன், ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் நாள் நகராமல் தவிக்கும் தாத்தா, தம்பி பிறந்ததும் மறுபடி விரல் சூப்பத் தொடங்கிய நாலு வயதுக் குழந்தை. எல்லாமே பாடத்தில் இருக்கும் விஷயங்கள்: ஒத்துப்போதல், வாழ்க்கை மாற்றத்தின் அழுத்தம், பின்னடைவு என்ற தற்காப்பு உத்தி.

அடக்கம் இப்படி வரலாம். புனைபெயர், வயது, வகுப்பு. தானாக வந்தாரா, யாராவது சொன்னார்களா. எதைப் பற்றிய ப்ரொஃபைல் என்று இரண்டே வரி. குடும்பம், உடல்நலம், படிப்பு, நட்பு. கூர்ந்து பார்த்த குறிப்புகள். பேட்டி. கடைசியில் உங்கள் கருத்து. குறைந்தது மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும்: அவர் சொன்னது, வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் சொன்னது, நீங்கள் பார்த்தது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதீர்கள், அந்த முரணை அப்படியே எழுதுங்கள். ப்ரொஃபைலில் உயிருள்ள பகுதி அதுதான்.

பெரும்பாலான ஃபைல்கள் சறுக்குவது பார்த்ததையும் நினைத்ததையும் கலப்பதில். "பையனுக்குக் கவனமே இல்லை" என்பது உங்கள் தீர்ப்பு. "வீட்டுப்பாடம் செய்த 40 நிமிடத்தில் 6 முறை எழுந்து போனான், அதில் 4 முறை தங்கை அழைத்ததால்" என்பது நீங்கள் பார்த்தது. இரண்டாவதை எழுதினால் முதலாவது எவ்வளவு அவசரத் தீர்ப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது என்று எழுதிப் பழகுங்கள்.

நோயின் பெயர் வைக்காதீர்கள். "அவருக்கு டிப்ரஷன்" என்று பிளஸ் டூ மாணவர் எழுதக்கூடாது. "மூன்று வாரமாகத் தூக்கம் குறைந்திருப்பதாகச் சொல்கிறார்" என்பதோடு நிறுத்துங்கள்.

பேட்டியில் யாராவது உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் ப்ரொஃபைல் அந்த இடத்திலேயே முடிந்தது. குறிப்பெடுப்பதை நிறுத்துங்கள். ரகசியம் காப்பேன் என்ற வாக்கு இதற்குப் பொருந்தாது, அதையும் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவரைத் தனியே விடாமல் அன்றே பள்ளி ஆலோசகரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பெரம்பூர்_அப்பா

நான் பாடம் தெரிந்தவன் இல்லை, பெற்றோர் என்ற முறையில் ஒரு கேள்வி. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நோயாளியைப் பார்த்து எழுதினால் கேஸ் ப்ரொஃபைல் கனமாக இருக்கும், மார்க் கூடும் என்று ட்யூஷனில் சொல்கிறார்களாம். பிள்ளைகளை அனுப்பலாமா?

மருதாணி

கூடவே கூடாதுங்க. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் தகவலை ரகசியமாக வைப்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தந்திருக்கும் உரிமை. பள்ளி மாணவர் ஃபைலுக்காக அதற்குள் நுழைய வழியில்லை. இரண்டாவது, பயிற்சி இல்லாத ஒருவர் பேட்டி எடுப்பதால் அந்த நோயாளிக்குத் தொந்தரவுதான் மிச்சம். மார்க்கும் கூடாது, "அனுமதி எங்கே?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால் பதில் இருக்காது.

சொல்லவந்ததுதான் சொல்கிறேன். 1794-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் மருத்துவமனை அது. நம் ஊரிலோ "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது ஒரு வசவு. பிளஸ் டூ பாடத்தில் முத்திரை குத்துதல் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. ஒரு பேட்டையின் பெயரே வசவாகிப்போனதால் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போகத் தயங்குவார்கள் என்று நாலு வரி எழுதினாலே விடை நம் மண்ணில் நிற்கும்.

லெவன்த்_சி_பிரிவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டு எக்ஸ்பெரிமெண்ட், ஒரு ப்ராஜெக்ட். ஞாபகம் பற்றி ஒன்று செய்யணும். கருவி எதுவும் இல்லாமல் முடியுமா?

ஆய்வகத்தடி

முடியும். வரிசை நிலை விளைவு, சீரியல் பொசிஷன் எஃபெக்ட். 15 சொல், சொல்லுக்கு 2 விநாடி, ஒரே குரலில் படியுங்கள். கைபேசியில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டால் வேகம் மாறாது. முடிந்ததும் 2 நிமிடம், எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் 5, நடு 5, கடைசி 5 என்று பிரித்துச் சதவீதம் போடுங்கள். முதலும் கடைசியும் உயர்ந்து நடு பள்ளமாக வர வேண்டும்.

இதோடு நிறுத்தினால் அது வெறும் செய்து காட்டல். எக்ஸ்பெரிமெண்ட் ஆக வேண்டுமென்றால் நீங்கள் ஒன்றை மாற்ற வேண்டும். இரண்டாவது பட்டியலைப் படித்ததும் எழுத விடாமல் 30 விநாடி பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள்: 397, 394, 391... இப்போது கடைசி ஐந்தின் உயர்வு சரிந்துவிடும், முதல் ஐந்து நிற்கும். கிளான்சரும் குனிட்ஸும் 1966-இல் காட்டியது இதுதான். கடைசிச் சொற்கள் குறுகிய கால ஞாபகத்தில் இருந்தவை, எண்ணும்போது இடம் பறிபோய்விட்டது என்பது வழக்கமான விளக்கம். தாமதம் சார்பற்ற மாறி, நினைவுகூர்ந்த எண்ணிக்கை சார்ந்த மாறி. பாதிப் பேர் தாமதமில்லாததை முதலில், பாதிப் பேர் தாமதமுள்ளதை முதலில் செய்யட்டும். இல்லாவிட்டால் பழக்கமும் களைப்பும் உள்ளே புகுந்துவிடும்.

எங்கே கெடும்? எண்ணுபவர் மெதுவாக, மனதுக்குள் சொல்லைச் சொல்லிக்கொண்டே எண்ணுவார். சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே காய்கறி வண்டி கூவிக்கொண்டு போனால் அந்தப் பட்டியல் போச்சு, வேறு பட்டியலோடு மறுபடி.

நன்னூலான்

தமிழ்ச் சொற்பட்டியலுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டு, தட்டு, கட்டு என்று எதுகை விழுந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். மோனையும் அப்படியே. நம் செய்யுள்கள் காதுவழியே தலைமுறை தாண்டி வந்ததில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு, உங்கள் எக்ஸ்பெரிமெண்டுக்கு அதுவே பகை. இட்லி, சட்னி ஒரே பட்டியலில் வேண்டாம். நடுவில் ஒரு நடிகர் பெயரும் வேண்டாம், தனித்துத் தெரிவது தங்கிவிடும் (ரெஸ்டார்ஃப் விளைவு, 1933). எல்லாச் சொல்லும் மூன்றெழுத்தாக, வீட்டில் புழங்கும் பெயர்ச்சொல்லாக இருக்கட்டும்.

ஞாபகத்தை ஆராய்ந்த எபிங்காஸ் 1885-இல் எழுதிய மாதிரி பொருளற்ற அசைகளை வைத்துச் செய்ய விரும்பினால் தமிழில் சிக்கல். மெய், உயிர், மெய் என்று கோத்தாலே கண், பல், மண், தேன் என்று பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ண, ழ, ள, ற, ன இவை மொழிமுதலில் வாரா என்பது இலக்கணம். அவற்றில் தொடங்கினால் பொருள் வரவே வாய்ப்பில்லை: ழிப், ணெம், றோட்.

ஆய்வகத்தடி

நன்னூலான் ஐயா, யோசனை அழகுதான், ஆனால் ஆய்வகத்தில் உதைக்கும். ழகரத்தில் தொடங்கும் அசையைச் சொல்லவே நாக்கு தடுமாறும். அப்போது நீங்கள் அளப்பது ஞாபகத்தையா, உச்சரிப்புச் சிரமத்தையா? காதால் கேட்டால் னெம், நெம் இரண்டும் ஒன்றுதான். க, ச, ப, ம, வ-விலேயே தொடங்கி 40 அசை எழுதி, எக்ஸ்பெரிமெண்டில் கலந்துகொள்ளாத பத்துப் பேரிடம் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மூன்று விநாடிக்குள் "ஏதாவது ஞாபகம் வருகிறதா?" இரண்டு பேருக்கு மேல் வருகிறது என்றால் அந்த அசையைத் தூக்கிவிடுங்கள். மிச்சம் 12 தேறினால் போதும்.

நன்னூலான்

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் காட்டினால் மட்டும் என் வழி, அதுவும் அரைமனதோடு. றோட் வேண்டாம், "ரோடு" என்று எவராவது படித்துவிடுவார்.

புள்ளி_ராசா

அசை வைத்துச் செய்தால் சேமிப்பு முறையில் (மறுபடி கற்கும்போது எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்பது) கணக்கு எளிது. முதல் நாள் பிழையின்றிச் சொல்ல 12 முறை படித்தார், மறுநாள் 4 முறை. 12-லிருந்து 4-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் சேமிப்பு 66.7 சதவீதம்.

இரண்டாவது எக்ஸ்பெரிமெண்டுக்கு நீளம் அளக்கும் அளவுகோல் (ஸ்கேல்) ஒன்று போதும். மறுவினை நேரம். நீங்கள் மேலே பிடித்து விடுங்கள், கீழே பங்கேற்பாளரின் விரல் 0 கோட்டில். பிடித்த இடத்தைச் செ.மீ.-இல் குறியுங்கள். இருமடங்கு தூரத்தை 9.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் (தூரம் மீட்டரில்). 15 செ.மீ. என்றால் 0.175 விநாடி, 20 என்றால் 0.202. செய்வது இரண்டு வகை: வெறுமனே பிடிப்பது, "வலது" என்றால் வலக்கை, "இடது" என்றால் இடக்கை என்று தேர்ந்து பிடிப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வு செய்ய ஆன நேரம். டாண்டர்ஸ் 1868-இல் பயன்படுத்திய கழித்தல் உத்தி.

இதில் ஒரு திருட்டுப் பிழை உண்டு. 30 செ.மீ. அளவுகோல் 0.247 விநாடியில் கையைத் தாண்டிப் போய்விடும். பிடிக்காமல் விட்ட முறைகளை "எண்ணவில்லை" என்று ஒதுக்கினால் மெதுவான முறைகளை மட்டும் எறிகிறீர்கள், சராசரி பொய்யாக வேகமாகும். தேர்வு வகையில்தான் அதிகம் தவறும், ஆக நீங்கள் தேடும் வித்தியாசமே சுருங்கும். துணிக்கடை மீட்டர் கோல் வாங்குங்கள், அல்லது தவறியவற்றையும் சேர்த்து இடைநிலை எடுங்கள்.

கயல்_வேளச்சேரி

அருமை. இப்போ என் மூணாவது கேள்வி: ஆறு மார்க். லெவன்த்ல படிச்ச லேர்னிங் பாடத்துக்கு ராத்திரி வர்ற குல்பி மணியை உதாரணமா எழுதலாமா? மணி நிபந்தனைத் தூண்டல் (பழகினதால வேலை செய்றது), குல்பி இயல்புத் தூண்டல் (பழகாமலே வேலை செய்றது), எச்சில் துலங்கல் (அதுக்கு வர்ற எதிர்வினை). சரியா?

ஆய்வகத்தடி

கிட்டத்தட்ட. "குல்பி" என்று விட்டால் வண்டியில் தெரியும் குல்பியா, நாக்கில் பட்ட குல்பியா? இயல்புத் தூண்டல் நாக்கில் பட்டதுதான். குல்பியையே சாப்பிடாத குழந்தைக்கு அதைப் பார்த்ததும் எச்சில் ஊறாது, பார்வையும் கற்றுக்கொண்டதே. எச்சிலையும் இருமுறை எழுதணும்: குல்பி பட்டு ஊறினால் இயல்புத் துலங்கல், மணி கேட்டு ஊறினால் நிபந்தனைத் துலங்கல். மணி முதலில், குல்பி பிறகு. வரிசையை மாற்றினால் கற்றல் நடப்பது அரிது.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தின் நிரந்தரத் தவறு. கொசு கடிக்கிறது, ஃபேனைக் கூட்டுகிறீர்கள், கொசு விலகுகிறது, அடுத்த முறையும் கூட்டுவீர்கள். தொல்லை நீங்கியதால் செயல் அதிகரித்தது: எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் இல்லாமல் போய் ஃபைன் கட்டினால், அப்படிப் போவது குறையும்: தண்டனை. செயல் கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேளுங்கள், குழப்பம் தீரும்.

ஆறு மார்க்குக்கு 200 சொல்தான் எல்லை. இரண்டு பக்கம் எழுதியவர் பெரும்பாலும் உதாரணக் கதையை நீட்டியிருப்பார், கோட்பாட்டின் பெயரை விட்டிருப்பார். படிப்படியாகப் பயம் நீக்கும் முறையைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஜோசஃப் வோல்பி என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. அடிப்படை: பரஸ்பரத் தடை, அதாவது தளர்வும் பதற்றமும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருக்க முடியாது. முதலில் உடல் தளர்வுப் பயிற்சி. பிறகு பயப்படுத்தும் சூழ்நிலைகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கணும், அதை அவரோடு சேர்ந்து. சுரங்க மெட்ரோ பயம் என்றால்: ஸ்டேஷன் படம் பார்ப்பது, எஸ்கலேட்டரில் இறங்குவது, நடைமேடையில் நிற்பது, சைதாப்பேட்டையிலிருந்து நந்தனம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன் போவது. தளர்வாக இருக்கும்போதே அடுத்த படி. பதற்றம் வந்தால் நிறுத்தி ஒரு படி இறங்கணும். இதில் அடிப்படைத் தத்துவத்தின் பெயரை விடுபவர்கள்தான் நாலோடு நிற்பார்கள்.

நன்னூலான்

சொற்களில் இன்னும் ஒன்று. வீட்டில் தமிழில் சொல்லிப் பார்த்துப் படிக்கும்போது எல்லாமே "பிரமை" ஆகிவிடுகிறது. கயிற்றைப் பாம்பாகக் காண்பது இல்யூஷன், தூண்டல் இருக்கிறது, தவறாகப் பார்த்தோம். யாருமே இல்லாமல் குரல் கேட்பது ஹாலுசினேஷன், தூண்டலே இல்லை. "பக்கத்து வீட்டார் எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்று எந்தச் சான்றுக்கும் அசையாமல் நம்புவது டெல்யூஷன், அது நம்பிக்கை, புலனறிவு அல்ல. முறையே திரிபுக்காட்சி, மாயப்புலன், திரிபெண்ணம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் கலங்காது.

ஆய்வகத்தடி

அதே மனநலக் கோளாறுகள் பாடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கைடுகளில் ஓசிடியும் (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது) பிடிஎஸ்டியும் (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறு) பதற்றக் கோளாறுகளின் கீழே இருக்கும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) இரண்டையும் தனித்தனித் தொகுதிக்கு மாற்றிவிட்டது. ஸ்கிசோஃப்ரினியாவின் பழைய உட்பிரிவுகளையும் எடுத்துவிட்டது. பழைய கைடு வாங்கினால் இந்தப் பாடத்தை மட்டும் இப்போதைய என்சிஇஆர்டி புத்தகத்தில் படியுங்கள்.

கயல்_வேளச்சேரி

கைடு எடுத்துப் பார்த்தேன், ஓசிடி பதற்றத்துக்குக் கீழதான் இருக்கு! அந்தப் பக்கத்துக்கு பெரிய பெருக்கல் குறி போட்டாச்சு. மருதாணி மேடம், கடைசியா ஒண்ணு. மதுரையிலிருந்து வந்த பையன் மாதிரி ஒருத்தரை எடுத்தா, அவங்க அம்மா கையெழுத்து போட்டுக் கொடுத்தா போதும்தானே?

மருதாணி

போதாது கயல். அம்மா கையெழுத்தும் வேணும், பையனும் சரின்னு சொல்லணும். எதுக்குக் கேட்கிறீங்க, எங்கே எழுதுவீங்க, பேர் வராதுங்கிறதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்க. பாதியில "வேண்டாம்க்கா"ன்னு சொன்னா, அதுவரை எழுதின தாளை அவன் கையிலேயே கொடுத்திடுங்க.